ஐவரில் ஒட்டாத ஒருவர்: வானியல் கேள்வி – பதில்

சென்ற இதழில் பெகாசஸ் விண்மீன் குழுவின் திசையில் இருக்கும் ‘ஸ்டெஃபான் ஐவர்’ என்ற கேலக்ஸிக் கூட்டத்தை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தை நடுப்பக்கத்தில் போட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். பெரும்பாலான கேள்விகள் படத்தின் மேற்பகுதியில் இருக்கும் பட்டைச் சுருள் கேலக்ஸியான என்ஜிசி 7319ஐப் பற்றியவை (என்ஜிசி என்பது ஒரு வானியல் பட்டியல், எண் அதில் உள்ள வரிசை; இனி எண்ணை மட்டும் சொல்வோம்).

கேள்வி: தலைப்பில் ‘ஐவர்’ என்கிறீர்கள், உள்ளே ‘நான்கு கேலக்ஸிகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எது சரி? (தென்காசி வாசகர்)

பெயர் ஐவர்தான், உறவு நால்வருக்குள்தான். பிரெஞ்சு வானியலாளர் எடுவார் ஸ்டெஃபான் 1877இல் மார்செய் ஆய்வகத்தின் 80 செ.மீ. தொலைநோக்கி வழியாகப் பார்த்து இவற்றைப் பதிவு செய்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் ஓரிடத்தில் குவிந்த மங்கல் திட்டுகள். தூரத்தை அளக்க அன்று வழியில்லை.

படத்தில் இடப்புறம் பெரிதாகத் தெரிவது என்ஜிசி 7320. மேலே 7319. நடுவில் பின்னிக் கிடக்கும் ஜோடி 7318ஏ, 7318பி. கீழே பளபளவென்று உருண்டையாக இருப்பது 7317. 1961இல் வானியல் தம்பதி ஜெஃப்ரி பர்பிட்ஜும் மார்கரெட் பர்பிட்ஜும் 7320இன் நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. மற்ற நான்கும் நொடிக்குச் சுமார் 5,800 முதல் 6,700 கி.மீ. வேகத்தில் நம்மைவிட்டு விலகுகின்றன. 7320 மட்டும் நொடிக்கு 800 கி.மீ.கூட இல்லை.

விண்வெளி விரிவதால், தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும். அதனால் தூரக் கணக்கை நீங்களே போடலாம். விலகு வேகத்தை 70ஆல் (விண்வெளி விரியும் வீதம்) வகுத்தால் மெகாபார்செக்கில் தூரம் வரும். ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு. 6,600ஐ 70ஆல் வகுத்தால் 94, அதாவது சுமார் 30 கோடி ஒளியாண்டு. 70க்குப் பதில் 73 போட்டால் 29 கோடிச் சொச்சம். நூல்களில் 29 கோடி என்று காண்பது இந்த வட்டாரம்தான். 7320க்கு 786ஐ வகுத்தால் மூன்றரைக் கோடிக்குச் சற்று மேல் வரும். வழக்கமாகச் சொல்லும் தூரம் 4 கோடி. பக்கத்துக் கேலக்ஸிகளுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு கச்சிதமாக வராது. அவை தம் சொந்தப் போக்கில் நொடிக்குச் சில நூறு கி.மீ. நகர்வதால், 786இல் எவ்வளவு விண்வெளி விரிவினால் வந்தது, எவ்வளவு சொந்த ஓட்டம் என்று பிரிப்பது கடினம். 6,600இல் அந்தப் பிழை சில விழுக்காட்டோடு போய்விடும்.

ஆக 7320 நம் பக்கத்துத் தெருக்காரர், தற்செயலாகப் படத்தில் புகுந்தவர். படத்தில் பெரிதாகத் தெரிந்தாலும் உண்மையில் அது சிறிய கேலக்ஸி.

கேள்வி: அப்படியானால் உண்மையான கூட்டத்தில் நான்கு மட்டும்தானா? (விருதுநகர் ஆசிரியர்)

ஐந்தாவது ஒன்று உண்டு, பெரும்பாலான படங்களின் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. பெயர் என்ஜிசி 7320சி. பெயரில் 7320 இருந்தாலும் அதற்கும் முன்னால் நிற்கும் 7320க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நொடிக்கு 6,000 கி.மீ. அளவில் விலகும் இதுதான் முன்பொரு காலத்தில் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே போயிருக்கிறது. 7319இலிருந்து அந்தத் திசையில் நீளும் மெல்லிய விண்மீன் வால் அந்தச் சந்திப்பின் தடயம்.

கேள்வி: பட்டைச் சுருள் என்றால் என்ன? அந்தப் பட்டை எதனால் ஆனது? (யாழ்ப்பாணம் மாணவி)

சாதாரணச் சுருள் கேலக்ஸியில் கரங்கள் நடு உருண்டையிலிருந்தே கிளம்பும். பட்டைச் சுருளில் நடுவை ஊடறுத்து நீளமாக ஒரு விண்மீன் பட்டை இருக்கும். அதன் இரு முனைகளிலிருந்து கரங்கள் தொடங்கும். பட்டை திடப்பொருள் கிடையாது. வட்டப்பாதையை விட்டு நீள்வட்டமாகச் சுற்றும் கோடிக்கணக்கான விண்மீன்களின் பாதைகள் ஒரே திசையில் அடுக்கி நிற்பதால் அப்படித் தெரிகிறது. பட்டையின் உருவம் மொத்தமாக ஒரு வேகத்தில் சுழலும், அதற்குள் விண்மீன்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும்.

அகச்சிவப்பில் எண்ணினால் நமக்கு அருகிலுள்ள சுருள் கேலக்ஸிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டுக்குப் பட்டை உண்டு. நம் பால்வழிக்கும் உண்டு.

பட்டை செய்யும் முக்கிய வேலை வாயுவை உள்ளே தள்ளுவது. பட்டையின் முன்விளிம்பில் வாயு மேகங்கள் ஒன்றோடொன்று மோதிச் சுழல் உந்தத்தை (மையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வைக்கும் வேகத்தை) இழக்கின்றன. சுழல் உந்தம் குறைந்த பொருள் மையத்தை நோக்கி விழுந்துதானே ஆகவேண்டும்? படங்களில் பட்டையின் நீளத்துக்கு ஓடும் கருந்தூசிக் கோடு இந்த மோதல் நடக்கும் இடம். ஆனால் ‘பட்டை இருந்தால் மையக் கருந்துளைக்குத் தீனி கிடைத்துவிடும்’ என்று பலர் ஒரே வரியில் எழுதுவது அவசரம். பட்டை வாயுவை மையத்திலிருந்து சில நூறு, சில ஆயிரம் ஒளியாண்டு தூரம் வரைதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கடைசிக் கட்டத்துக்கு வேறு வழிமுறைகள் வேண்டும்.

7319இல் பட்டை தானாக உருவானதா, அண்டையாரின் ஈர்ப்பு இழுத்து உருவானதா என்பதைப் படத்தைப் பார்த்து முடிவுகட்ட இயலாது. இரண்டு வழியிலும் பட்டை பிறக்கும். அதன் வகைக் குறியீட்டின் கடைசியில் ‘இயல்பு பிறழ்ந்தது’ என்ற ஒட்டு இருக்கிறது. கரங்கள் கலைந்த நிலைக்கு அது பொருத்தமே.

கேள்வி: 7319இல் வாயுவே இல்லை என்று படித்தேன். சுருள் கேலக்ஸியில் வாயு இல்லாமல் எப்படி? (ஈரோடு வாசகர்)

இல்லாமலே போயிற்று என்பது சற்று மிகை. இல்லாதது நடுநிலை ஹைட்ரஜன், அதாவது 21 செ.மீ. ரேடியோ அலையில் அளக்கும் குளிர்ந்த அணு வாயு. சாதாரணச் சுருளில் இது தட்டு முழுக்கப் பரவி, விண்மீன்கள் தெரியும் எல்லையையும் தாண்டி நிற்கும். ஐவர் கூட்டத்தில் ரேடியோ படத்தை எடுத்து ஒளிப்படத்தின் மேல் வைத்தால் விசித்திரமாக இருக்கும்: ஹைட்ரஜன் மேகங்கள் கேலக்ஸிகளுக்கு வெளியே, வால்களின் பக்கம் கிடக்கின்றன. 7319இன் தட்டு வெறுமையாகத் தெரியும். 7320சி போன்ற விருந்தாளிகள் உரசிப் போனபோது உருவப்பட்ட வாயு இது. மையப் பகுதியில் மூலக்கூறு வாயுவும் தூசியும் மிச்சமிருக்கின்றன. கருந்துளைக்கு இப்போது கிடைக்கும் இரை அதுதான்.

சீனாவின் ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி 2022இல் இந்தக் கூட்டத்தைச் சுற்றிச் சுமார் 20 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்கு மிக மெல்லிய ஹைட்ரஜன் விரிந்து கிடப்பதைக் காட்டியது. பால்வழிக்கும் ஆந்திரோமெடாவுக்கும் இடைப்பட்ட தூரம் 25 லட்சம் ஒளியாண்டு. இவ்வளவு மெல்லிய வாயுவை விண்வெளியின் புற ஊதாக் கதிர்கள் எளிதில் அயனியாக்கிவிடும், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடும். அப்படி ஆகாமல் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது எப்படி என்பதுதான் ஆய்வாளர்களுக்குத் தலைவலி.

கேள்வி: வெப் படத்தில் 7319இன் மையத்திலிருந்து கதிர் கதிராகப் பாய்கிறதே, அது கருந்துளையின் தாரையா? (சேலம் மாணவர்)

இல்லை. தாரை என்பது கருந்துளையின் அருகிலிருந்து பீய்ச்சி அடிக்கும் பொருள். இது தொலைநோக்கியின் கைரேகை. வெப்பின் முதன்மை ஆடி அறுகோணத் துண்டுகளால் ஆனது. அதன் விளிம்புகளும் துணை ஆடியைத் தாங்கும் மூன்று கம்பங்களும் ஒளியை விலகச் செய்வதால், ஆறு பெரிய கூர்களும் இரண்டு சிறிய கூர்களும் விழுகின்றன. புள்ளிபோல் சிறிதாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்கும் எதற்கும் இவை வரும். முன்னணியில் நிற்கும் நம் பால்வழி விண்மீன்களிலும் அதே கூர்கள் அதே கோணத்தில் இருப்பதைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

கூர்கள் தெரிவதே ஒரு செய்திதான். 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கேலக்ஸி மையம் ஒரு விண்மீனைப்போல் கூர் காட்டுகிறது என்றால் அங்கே சிறிய இடத்திலிருந்து பெரும் ஒளி வருகிறது. அங்குள்ள கருந்துளையின் நிறை சூரியனைப்போல் சுமார் 2.4 கோடி மடங்கு. நம் பால்வழி மையக் கருந்துளை 43 லட்சம் மடங்குதான். அதில் விழும் பொருள் வெளியிடும் ஆற்றல் 4,000 கோடி சூரியன்களுக்கு ஈடு.

இதை ‘செய்ஃபர்ட் இரண்டாம் வகை’ என்பார்கள். கருந்துளையை மிக அருகில் வேகமாகச் சுற்றும் வாயுவின் அகன்ற நிறமாலைக் கோடுகள் நமக்குத் தெரியாமல் தடித்த தூசி வளையம் மறைக்கிறது. வெளியே தள்ளி இருக்கும் வாயுவின் குறுகிய கோடுகள் மட்டும் தெரிகின்றன. சாதாரண ஒளியில் மறையும் இந்த மையம் நடு அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரிவது அதனால்தான்: தூசி ஒளியை விழுங்கிச் சூடாகி அகச்சிவப்பாகக் கக்குகிறது. உண்மையான தாரை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ரேடியோவில் மையத்தின் இரு புறமும் தெரிகிறது. வெப் படத்தில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கேள்வி: கேலக்ஸிகள் மோதினால் விண்மீன்கள் மோதாது என்கிறீர்கள். பின் எதுதான் மோதுகிறது? (நாகர்கோவில்)

வாயு. விண்மீன்களுக்கு இடையே உள்ள இடைவெளி அவற்றின் பருமனோடு ஒப்பிட்டால் அபாரமானது. ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். வாயு மேகங்களோ தட்டையும் தடத்தையும் நிரப்பி நிற்பவை, தப்பிக்க இடம் கிடையாது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் மோதலின் நாயகன் 7318பி. அதன் வேகம் நொடிக்கு 5,774 கி.மீ. படத்தில் உள்ள மற்ற மூன்றும் 6,600 அளவிலோ அதற்குமேலோ. அதாவது பார்வைக்கோட்டில் மட்டும் நொடிக்கு 800 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில், கூட்டத்தோடு ஒப்பிட்டால், அது பின்பக்கத்திலிருந்து நம் பக்கமாகப் பாய்கிறது. அதன் பாதையில் கிடப்பது பழைய மோதல்களில் சிதறிய வாயு. முட்டிய இடத்தில் ஓர் அதிர்ச்சி அலை எழுந்திருக்கிறது; நீளம் ஒரு லட்சம் ஒளியாண்டுக்கு மேல், நம் பால்வழித் தட்டின் குறுக்களவைத் தாண்டும். 1972இல் ரேடியோவில் முதலில் தென்பட்டது. எக்ஸ்-கதிரிலும் அதே கோடு பளிச்சிடுகிறது.

ஆச்சரியம் 2006இல் வந்தது. ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி அந்தக் கோட்டில் மூலக்கூறு ஹைட்ரஜனின் கதிர்வீச்சை வலுவாகப் பதிவு செய்தது. பல லட்சம் பாகை சூடான வாயு இருக்கும் அதே இடத்தில், எளிதில் உடைந்துவிடும் மூலக்கூறு எப்படிப் பிழைத்தது? முன்னணி விளக்கம் இது: அடர்த்தி குறைந்த வாயு சுடுகிறது, அடர்ந்த கட்டிகளுக்குள் அதிர்ச்சி அலை வேகம் குறைந்து நுழைவதால் மூலக்கூறு உடையாமல் வெதுவெதுப்பாகிக் கதிர்வீசுகிறது. லா பால்மா தீவில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்திய வீவ் கருவி 2024இல் இதே படத்தை வலுப்படுத்தியது: குளிர்ந்த வாயுவில் அலை ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது, சூடான வாயுவில் அதே அலை பலவீனமாகிவிடுகிறது.

கேள்வி: ‘நெருக்கமான கேலக்ஸிக் கூட்டம்’ என்று சொல்ல அளவுகோல் உண்டா? (கோவை)

உண்டு. வானியலாளர் பால் ஹிக்சன் 1982இல் 100 கூட்டங்களைப் பட்டியலிட்டபோது மூன்று நிபந்தனை வைத்தார். மிகப் பிரகாசமான உறுப்பினரிலிருந்து மூன்று பொலிவெண்களுக்குள் (பிரகாசத்தின் அளவு; எண் கூடினால் மங்கல்) குறைந்தது நான்கு கேலக்ஸிகள் இருக்க வேண்டும். அவை நெருங்கி இருக்க வேண்டும். கூட்டத்தின் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் அதே பிரகாசத்தில் வேறு கேலக்ஸி இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனை பெரிய கொத்துகளின் நெரிசலான நடுப்பகுதியைத் தவிர்ப்பதற்கு. ஐவர் இதில் ஹிக்சன் 92. நிபந்தனைகளில் தூரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 7320 போன்றவர்கள் உள்ளே நுழைவது அந்த ஓட்டை வழியாக. பின்னர் வேகங்களை அளந்தபோது அந்த 100இல் 92 கூட்டங்களில் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் உண்மையாகவே ஒன்றாக இருப்பவர்கள் எனத் தெரிந்தது.

கேள்வி: 7319க்கு முன்னால் ஒரு குவேசார் இருக்கிறதாமே? அப்படியென்றால் செம்பெயர்ச்சியை வைத்துத் தூரம் சொல்வதே தப்பு என்று காணொளி ஒன்றில் சொன்னார்கள். (மதுரை)

விலகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி; மேலே சொன்ன வேகங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. குவேசார் என்பது மிகத் தொலைவில் பிரகாசமாக எரியும் கேலக்ஸி மையம். இந்த வாதத்தின் வேர் வானியலாளர் ஹால்டன் ஆர்ப். அவர் 1966இல் வெளியிட்ட விசித்திரக் கேலக்ஸிப் பட்டியலில் இந்தக் கூட்டத்தின் எண்ணும் தற்செயலாக 319. 7320 உட்பட எல்லாம் ஒரே தூரம்தான், செம்பெயர்ச்சியில் வேறு காரணம் கலந்திருக்கிறது என்பது அவர் கட்சி. 2005இல் 7319இன் மையத்துக்கு 8 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) அருகே, செம்பெயர்ச்சி 2.1 உள்ள, அதாவது கணக்குப்படி 7319க்கு வெகு பின்னால் இருக்க வேண்டிய, குவேசார் ஒன்றை அவரும் சேர்ந்த குழு அறிவித்தது. கேலக்ஸித் தட்டு மறைக்காததால் குவேசார் முன்னால் இருக்க வேண்டும் என்றார்கள்.

தட்டு சுவர் கிடையாது. தூசி திட்டுத் திட்டாகக் கிடக்கிறது, இடைவெளி வழியே பின்னணிப் பொருள் தெரிவது பல கேலக்ஸிகளில் உண்டு. 7319 தன் வாயுவில் பெரும்பங்கை இழந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 7320 விஷயத்தில் தீர்ப்பு இன்னும் தெளிவு. ஹப்பிளும் வெப்பும் எடுத்த படங்களில் அதன் விண்மீன்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிகின்றன. மற்ற நான்கில் அப்படி இல்லை. செம்பெயர்ச்சியைத் தொடாமலேயே அது பக்கத்தில் இருப்பதற்கு இதுவே சாட்சி. ஆர்ப் எழுப்பிய கேள்வி அந்தக் காலத்துக்கு நியாயமானது. இன்றைய காணொளிக்காரர்கள் விடையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் விற்கிறார்கள்.

கேள்வி: 8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து ஐவரைப் பார்க்க முடியுமா? (தர்மபுரி)

இடம் பிரச்சினை இல்லை. கூட்டம் வானில் வடக்கு 34 பாகையில் இருப்பதால், நம் ஊர்களில் உச்சத்தில் 65 முதல் 70 பாகை உயரம் ஏறும். பிரச்சினை பருவம். இரவு 9 மணிக்கு உச்சத்தில் நிற்பது அக்டோபர் நடுவில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். மழை விட்ட டிசம்பர் கடைசியில் 7.30 மணிக்கு வடமேற்கில் 35 பாகைக்கு மேல் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வானம் திறந்தால் நள்ளிரவு உத்தமம். அமாவாசையை ஒட்டி மூன்று நான்கு நாள் மட்டும் முயலுங்கள்.

வழி இப்படி. பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களில் வடக்கே இருப்பதிலிருந்து மேற்கு-வடமேற்கில் 5 பாகை போனால் மடார் என்ற மூன்றாம் பொலிவெண் விண்மீன். அங்கிருந்து வடக்கே நாலேகால் பாகை, கொஞ்சம் மேற்கே சாய்ந்து போனால் என்ஜிசி 7331. பொலிவெண் 9.5, நீள்வட்டப் புகைத் திட்டாக எளிதில் சிக்கும். 25 மி.மீ. கண்ணருகு வில்லையில் இதைச் சற்று ஓரத்தில் வையுங்கள். ஐவர் அங்கிருந்து தெற்கு-தென்மேற்கில் சரியாக அரை பாகையில், அதே பார்வைப் புலத்துக்குள் இருப்பார்கள். அந்த உருப்பெருக்கத்தில் ஒன்றும் தெரியாது. பதறாமல் 8 மி.மீ.க்கு மாறுங்கள், 150 மடங்கு கிடைக்கும்.

முதலில் தெரிவது ஒட்டாத 7320 ஆகத்தான் இருக்கும், பொலிவெண் 12.6. அடுத்து 7318 ஜோடி ஒரே திட்டாக. 7319 விரிந்து மங்கியிருப்பதால் நேர்ப்பார்வையில் காணாமல் போகும். பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, குழாயை மெல்லத் தட்டினால் அசைவில் விட்டுவிட்டுத் தென்படும். 7317 சிறிது, பக்கத்தில் ஒட்டிய விண்மீனோடு குழம்பும். 8 அங்குலத்தில் நல்ல இருட்டில் இரண்டு மூன்று திட்டுகள் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. பட்டையைப் பார்க்கலாம் என்ற ஆசையை 12 அங்குலத்திலும் விட்டுவிடுங்கள்.

தோற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் நான்கு. கண் இருளுக்குப் பழக முழு அரை மணி கொடுக்காதது. நடுவில் செல்பேசித் திரையைப் பார்ப்பது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்த ஆடி ஆறுவதற்குள் பார்க்கத் தொடங்குவது (முக்கால் மணி தேவை). மார்கழிப் பனி கண்ணருகு வில்லையிலும் தேடுகுழாயிலும் படிவது. பனியைத் துணியால் துடைக்காதீர்கள், முடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டுங்கள்.

கேள்வி: படமெடுக்க எச்-ஆல்ஃபா வடிகட்டி போட்டால் 7319இலும் மோதல் கோட்டிலும் சிவப்புப் பகுதிகள் கிடைக்குமா? மூன்று மணி நேரம் எடுத்தும் ஒன்றும் விழவில்லை. (சென்னை)

விழாது, வடிகட்டியில் குறையில்லை. எச்-ஆல்ஃபா என்பது ஹைட்ரஜன் வாயு வெளியிடும் சிவப்பு ஒளிக்கோடு, அலைநீளம் 656.3 நானோமீட்டர். நொடிக்கு 6,600 கி.மீ. வேகத்தில் விலகும் கூட்டத்தில் அந்தக் கோடு 670.7க்கு நகர்ந்துவிடுகிறது. உங்கள் 7 நானோமீட்டர் வடிகட்டி 660க்கு முன்பே கதவைச் சாத்திவிடும். அதில் விழக்கூடியது 658.0இல் வரும் 7320இன் ஒளி மட்டுமே.

கந்தக அயனிக்கான வடிகட்டியைப் போடுங்கள். அதன் நடு 672. 7 நானோமீட்டர் அகலத்தில் 668.5 முதல் 675.5 வரை விடும். 7319இன் எச்-ஆல்ஃபா 671.0, தாராளமாக உள்ளே. 7318பியின் 668.9 விளிம்பில் நிற்கும், 12 நானோமீட்டர் வடிகட்டி என்றால் கவலையில்லை. 3 நானோமீட்டரில் மோதல் கோட்டின் பெரும்பகுதி வெட்டுப்படும். எஃப்/4 போன்ற வேகமான குழாயில் வடிகட்டியின் சாளரம் சற்றே குறுகிய அலைநீளப் பக்கம் நகரும். இங்கே அது நமக்குச் சாதகம்.

1,000 மி.மீ. குவியத்தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் இருந்தால் கூட்டம் முழுவதும் 300 பிக்சல் சொச்சத்துக்குள் அடங்கிவிடும். 7319இன் வால் வேண்டுமென்றால் வடிகட்டி இல்லாத ஒளியில் இரண்டு நிமிடப் படங்கள் குறைந்தது 90 சேருங்கள், சென்னை நகருக்குள்ளிருந்து அல்ல.

இன்னொன்று, தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் தாங்கி. அதன் அச்சைத் துருவ விண்மீன் பக்கம் வைக்க வேண்டும். துருவ விண்மீன் சென்னையில் 13 பாகை, நாகர்கோவிலில் 8 பாகை உயரத்தில்தான் நிற்கும். மரமும் புகையும் மறைக்கும். பல இறக்குமதித் தாங்கிகளின் சரிவுத் திருகு அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியின் ஒரு காலை வடக்கே வைப்பதற்குப் பதில் தெற்கே வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் தாங்கிக்கும் முக்காலிக்கும் நடுவே உயர்த்தும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்துங்கள். துருவ விண்மீன் தெரியாதபோது விண்மீன் நகர்வைப் பார்த்துச் சீரமைக்கும் முறையே போதும்.